பாறை மலைத் தொட்டில்

அக்டோபர் 9

வந்து சேர்ந்துவிட்டேன். அக்கா இடித்துக் கொடுத்த பிரசவ மருந்து, காய வைத்த நொச்சி இலை, சுண்டைக்காய் வற்றல் எல்லாவற்றையும் பெர்த் விமான நிலையத்தில் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். இலை, விதை எதுவும் இந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். அந்த அதிகாரி சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னால் வயிறு எரியாதா? என் மனைவி மரகதத்தின் பழைய மஞ்சள் நூல் சேலையை மட்டும் உதறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பிறந்த குழந்தைக்குப் பழைய சேலைத் துணி மாதிரி மெத்து எதுவும் கிடையாது என்று அக்கா கொடுத்தனுப்பியது.

அங்கிருந்து மாப்பிள்ளை தயாபரன் காரில் மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் கோதுமை வயல். குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு வளைவுகூட இல்லாத ரோட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது தண்டனை. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

மகள் கோகிலவாணி வாசலில் நின்றிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம்தான் வீங்கின மாதிரி இருக்கிறது. பிரசவம் பார்க்க அம்மா வருவதுதான் முறை. மரகதம் போய் மூன்று வருஷமாகிறது. அக்காவுக்கு முழங்கால் வலி. மிச்சம் நான்தான். இதற்கு முன் இவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. விமானத்தில் கொடுத்த சோற்றை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 10

ரசம் வைத்தேன். கோகி இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள். "அம்மா ரசம் மாதிரி இல்லப்பா. ஆனா நல்லாருக்கு" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அக்டோபர் 12

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை மலை. மலை என்பது இவர்கள் பேச்சு. எங்கள் ஊரில் இதை மேடு என்போம். கோகியின் வேலை அங்கேதான். மரங்களுக்கு டாக்டர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். காலையில் அவர் போன பிறகு என்னை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

"அப்பா, அந்தக் கம்பி வேலிக்குள்ள இருக்கிற மரத்தத் தொடக்கூடாது. இலையக்கூடக் கிள்ளக்கூடாது. அது தைல மரத்துல ஒரு சாதி. உலகத்துலயே இந்த ஒரு மலையிலதான் இருக்கு."

அக்காவும் குரல் பதிவில் சொல்லியிருந்தாள், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டத் தைல இலை போட்டுத் தண்ணீர் காய்ச்ச வேண்டும் என்று. அதைக் கோகி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தைல மரம் வானத்தைத் தொடும். குன்னூரை ஒட்டின வெலிங்டன் பக்கம் லாரி லாரியாக விறகுக்குப் போகும். இது ஒரே வேரிலிருந்து ஏழெட்டுத் தண்டாகக் கிளம்பி, மாவு பூசின மாதிரி வெளுத்த கிளைகளைத் தரைப் பக்கமாகத் தொங்கப் போட்டிருக்கிறது. வாசனை மட்டும் அதே வாசனை. இந்த நாட்டிலிருந்து எங்கள் ஊருக்கு ஒண்ட வந்தவள் மாளிகை கட்டி வாழ்கிறாள், தாய் வீட்டில் இருப்பவள் இப்படி நோஞ்சானாக இருக்கிறாள்.

ஆனால் நான் எழுத வந்தது அதில்லை. மரம் முழுக்க வெள்ளைத் துணிப் பைகள். உள்ளங்கை அளவுதான். ஒவ்வொன்றும் மஞ்சள் நூலால் கிளையோடு கட்டியிருக்கிறது. பக்கத்திலேயே தகரத்தில் ஒரு நம்பர்.

அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மரகதம் மாரியம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டித்தான் கோகி பிறந்தாள். அந்தக் கதையைச் சொன்னால் இவள் சிரிப்பாள். "துணி கட்டினா குழந்த வருமாம்மா?" என்று அவள் அம்மாவைக் கிண்டல் செய்தவள், இங்கே ஆளில்லாத மலையில் கமுக்கமாக ஒரு மரம் நிறையக் கட்டி வைத்திருக்கிறாள். நம்பர் வேறு. படித்தவள் அல்லவா, வேண்டுதலையும் நம்பர் போட்டுத்தான் செய்வாள்.

நான் எதுவும் கேட்கப் போவதில்லை. வேண்டுதலை வாய்விட்டுக் கேட்டால் பலிக்காது.

அக்டோபர் 13

மரகதம் சேலையில் முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்துக்கொண்டு போனேன். தாழ்ந்த கிளை ஒன்றில் கோகியின் பை தொங்கியது. அதற்கு நேர் கீழே, இலை மறைவில், இரண்டு தண்டுகளுக்கு நடுவில் தொட்டிலாகக் கட்டி, உள்ளே வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைத்தேன். அம்மா சேலையும் பெண் கட்டிய பையும் ஒன்றாக இருக்கட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவிழ்க்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். இலையைத் தொடவில்லை.

அக்டோபர் 20

கோகிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். "யோசிக்காதேங்கோ மாமா, எல்லாம் சரிவரும்" என்றார். கார் சாவியை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் கோகி கூப்பிட்டாள். "அப்பா, மலைக்குப் போனீங்களா? பை எல்லாம் அப்படியே இருக்கா?"

"இருக்கும்மா. ஒண்ணுகூட அவுழல."

மூச்சை இழுத்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் ஈரம். பாவம், எவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள் உள்ளே. நான் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் தேவைப்படவில்லை.

நவம்பர் 2

தினமும் காலையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் இருக்கு" என்று சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் கஞ்சி குடிக்கிறாள்.

நவம்பர் 11

அவசரமாகப் பெர்த் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். கை கால் எல்லாம் வீக்கம், கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். காரில் நான் பின் சீட்டில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எழுத முடியவில்லை.

நவம்பர் 13

பெண் குழந்தை. மாதம் நிறையவில்லை, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அழுதாள். நான் என் காதால் கேட்டேன்.

நவம்பர் 17

துணிமணி எடுக்க மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தேன். நாளைக்குத் திரும்புகிறோம். தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள். ஊரில் அக்கா போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். "வேண்டுதல் பலிச்சா உடனே அவுத்துரணும் தம்பி. இழுத்தடிச்சா அம்மனுக்குக் கோவம் வந்துரும்" என்றாள். கோகி எப்போது மலை ஏறுவது? வயிற்றில் தையல். பெற்றவன் செய்தால் தப்பில்லை என்றும் அக்காவே சொன்னாள்.

குளித்து, திருநீறு பூசி, வெறும் காலோடு போனேன். ஒவ்வொரு பையாக அவிழ்த்தேன். எட்டாததற்கு வேலியோரம் கிடந்த ஏணியை வைத்து ஏறினேன். கோகி பத்திரமாக இருக்க வேண்டும், பேத்தி பத்திரமாக இருக்க வேண்டும் என்று முடிச்சுக்கு முடிச்சு சொல்லிக்கொண்டேன். காய்கள் பெரும்பாலும் பழுத்துப் பிளக்கிற பதத்தில் இருந்தன. சில பைகளுக்குள் கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக ஏதோ சேர்ந்திருந்தது. குப்பை. உதறிவிட்டேன்.

என் தொட்டிலை அவிழ்க்கவில்லை. அது குழந்தையோடு வந்து அவிழ்ப்பதாகச் சொன்னது. அதற்கு மேலே இருந்த பையை மட்டும் எடுத்தேன். பாறை நிழல் விழுகிற இடம், அங்கே காய் எல்லாம் இன்னும் பச்சையாகவே இருந்தது.

பைகளை சோப்புப் போட்டு அலசி, என் அறை ஜன்னலில் காய வைத்து, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோய் மாரியம்மன் கோயில் மரத்தடியில் சேர்க்க வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் 26

நேற்று இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குழந்தை என் முழங்கை நீளம்கூட இல்லை. என் சட்டைப் பையில் இருக்கிற மூக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறாள். கோகி முகத்தில் வீக்கம் வடிந்து பழைய கோகியாகிவிட்டாள். காலையில் பூண்டுக் குழம்பு வைத்தேன்.

மத்தியானம் கோகி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "தயா, காய் வெடிச்சிருக்கும். இன்னிக்கே போய்ப் பையெல்லாம் இறக்கிட்டு வந்துருங்க. நம்பர் மாறாம தனித்தனியா" என்றாள்.

நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டைக் கீழே போடவில்லை, கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்.

மாப்பிள்ளை போய்விட்டு வெறும் கையோடு வந்தார். ஒரு பைகூட இல்லை என்றார். கோகி எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கொக்கட்டு எண்டு வெள்ளைக் கிளியள் இருக்கு. அதுகள்தான் பிச்சுப்போட்டுதுகள் போல" என்றார் மாப்பிள்ளை.

நான் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

பிறகு வெளியே துணி காயப் போடும்போது மெதுவாக அவரிடம் கேட்டேன், அந்தப் பை எதற்கு என்று. சொன்னார். இந்த மரங்களெல்லாம் கிழடு. ஒரு பக்கம் இருக்கிறவை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. தன் பூவாலேயே காய்த்தால் அந்த விதை பிழைக்காது. மலையின் அந்தப் பக்கத்து மரத்தின் பூந்தூளை எடுத்து வந்து, ஏணி வைத்து, தூரிகையால் ஒவ்வொரு பூவாகப் பூசியிருக்கிறாள். காய் முற்ற ஒரு வருஷம். வெடித்தால் விதை தூசி மாதிரி சிந்திவிடும் என்று பை கட்டியிருக்கிறாள்.

"போன வருசத்து மழையில்லாததில அந்தப் பக்கத்து மரங்கள் பட்டுப்போச்சுது மாமா. இனி அந்தப் பூந்தூளும் இல்லை. இவ பூசினதுதான் கடைசி."

துணி காயப் போட்டு முடித்தேன். துணி கிளிப் ஒன்றை இரண்டு தடவை போட்டேன்.

நவம்பர் 27

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது.

நவம்பர் 28

குழந்தைக்குத் தொப்புள் கொடி விழுந்தது. வெயில் கொளுத்துகிறது. இங்கே இதுதான் கோடைக்காலமாம், கார்த்திகை மாதத்தில்.

எல்லோரும் தூங்கும்போது மலைக்குப் போனேன். வெயில் பக்கத்துக் காய்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. விரலால் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. நான் உதறிய இடத்தில் முழங்கால் போட்டுத் தேடினேன். பாறையும் மணலும். எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கறுப்புப் பொடி. வரிசை பாறை இடுக்குக்குள் போய் மறைகிறது. எறும்பைக் கையெடுத்துக் கும்பிட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் தொட்டில் மட்டும் அப்படியே தொங்கியது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 29

கிளிகளைப் பற்றி மாப்பிள்ளை இன்றைக்கும் பேசினார். அவற்றின் அலகு அவ்வளவு கூர்மையாம். "அப்பிடியா மாப்ள" என்றேன். என் வாய் எனக்கே அசிங்கமாக இருந்தது.

பெட்டிக்குள் அந்தப் பைகள் இருக்கின்றன. சலவை மணத்தோடு.

நவம்பர் 30

கோகிக்குப் பால் குறைந்துவிட்டது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்து அழுகிறது. ரத்த அழுத்தமும் திரும்ப ஏறுகிறது. பூண்டுப் பால் கொண்டு போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"என் தப்புதாம்பா. கிளி வரும்னு தெரியும். கம்பி வலை போட்டிருக்கணும். படுத்துக் கெடந்தவ ஆபீஸ்ல ஒருத்தங்ககிட்ட சொல்லியிருக்கணும். நானேதான் பார்க்கணும்னு புடிவாதம். என்னாலதான் போச்சு."

இரண்டு பிள்ளை தங்காமல் போனபோதும் போனில் இதையேதான் சொன்னாள். என்னாலதான் போச்சு. அதே குரல். பால் டம்ளரைக் கீழே வைத்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"கோகி, கிளி இல்ல. நாந்தான் அவுத்தேன்."

திரும்பிப் பார்த்தாள். "எதுக்குப்பா?"

"வேண்டுதல்னு நெனச்சேன்மா. நீ தொட்டில் கட்டியிருக்கேன்னு. உங்கம்மா கட்டின மாதிரி. புள்ள பொறந்தா அவுக்கணும்ல? நீ ஏற முடியாதுன்னு நான் போயி..."

"உள்ள இருந்தத என்ன பண்ணீங்க?"

"உதறிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.  குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நீங்க போய்ப் படுங்கப்பா" என்றாள்.

பைகளை எடுத்துவந்து கட்டில் காலடியில் வைத்தேன். மடித்து வைத்திருந்ததைப் பார்த்ததும்தான் அழுதாள்.

டிசம்பர் 1

என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

டிசம்பர் 5

"சாப்பிடுங்கப்பா", "போதும்பா", "குழந்தையப் பிடிங்கப்பா." இவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. அவர் இன்னும் யோசிக்காதேங்கோ என்றுதான் சொல்கிறார். யோசிக்காமல்தானே இவ்வளவும் செய்தேன். ஆனால் பால் திரும்ப ஊறுகிறது. குழந்தை வயிறு நிறைந்து தூங்குகிறாள். அந்த மட்டும் நிம்மதி.

டிசம்பர் 12

முப்பதாம் நாள் கும்பிட்டோம். குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று, மரகதவாணி. இது கோகியின் யோசனை. என்னிடம் அவள் கேட்கவில்லை, அறிவித்தாள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 22

இன்று காலை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அம்மா, அந்த மரத்துல நான் கட்டின தொட்டில் ஒண்ணு இருக்கு. குழந்தைய எடுத்துட்டுப் போயி அவுக்கறேன்னு வேண்டியிருக்கேன். வேண்டாம்னா வேண்டாம். நான் மட்டும் போயி அவுத்துட்டு வந்துர்றேன்."

கோகி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. "அந்த மரத்துலயா? இன்னும் எத்தன கட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுதான்."

"நானும் வரேன். இனிமே அந்த மரத்துக்கிட்ட உங்களத் தனியா விடறதா இல்ல."

அவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு குத்தல். எனக்கு அதுவே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கோகி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். வேலிக் கதவைத் திறந்ததும் மரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கிளைகளில் நம்பர்த் தகரங்கள் மட்டும் ஆடின. நான் தலையைக் குனிந்துகொண்டு தாழ்ந்த கிளைக்குப் போனேன். குழந்தையை வாங்கித் தொட்டிலுக்கு நேராக ஒரு தடவை காட்டினேன். மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முடிச்சில் கை வைத்தேன்.

"இருங்கப்பா."

நின்றேன்.

"கைய எடுங்க. மெதுவா. துணிய ஆட்டாதீங்க."

கிட்டே வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கூழாங்கல்லைச் சுற்றி, மடிப்பில், கடுகைவிடப் பொடியாகக் கறுப்பாகச் சேர்ந்திருந்தது. ஒரு சிட்டிகை இருக்கும். மேலே அண்ணாந்தாள். அன்றைக்குப் பச்சையாக இருந்த காய்கள் பழுத்து வாய் திறந்திருந்தன, தொட்டிலுக்கு நேர் மேலே.

தகரத்தைத் திருப்பி நம்பரைப் படித்தாள். "பதினாலு. தயா, இது நான் பூசின கிளதான். அந்தப் பக்கத்து மரத்தோட பூந்தூள்." குரல் உடைந்தது. "பை இருந்த கிள."

"சின்னப் போத்தில் ஒண்டு காரில கிடக்கு" என்று சொல்லி மாப்பிள்ளை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

கோகி பாறையில் உட்கார்ந்தாள். துணியைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா சேலையா?"

"ஆமாம்மா. முந்தான."

"எல்லாம் போனது போனதுதாம்பா. அது எனக்கு ஆறாது. சும்மா சொல்ல மாட்டேன்."

"ஆற வேண்டாம்மா."

"ஆனா இது போதும். இத வச்சுக் கன்னு எழுப்பிருவேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போத்திலும் தூரிகையும் வந்தன. விதைகளைத் தூரிகையால் தள்ளித் தள்ளி எடுத்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். எல்லாம் முடிந்ததும், பழக்க தோஷம், என் கை முடிச்சுக்குப் போனது.

"அவுக்காதீங்க" என்றாள். "மேல இன்னும் சில காய் மூடித்தான் இருக்கு. கல்லும் இருக்கட்டும். காத்துக்கு ஆடாம இருக்கும்."

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "தொட்டில அவுத்தியா தம்பி?"

"இல்லக்கா."

"ஏன்டா? புள்ள பொறந்து மாசம் தாண்டிருச்சு, அம்மன் சும்மா விடுவாளா?"

"விடுவாக்கா. அதுக்கு இன்னும் வேல பாக்கி இருக்கு."

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை, தைல மரத்துக்குப் போய் யாராவது தொட்டில் கட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்குக் காற்று பலமாக இருக்கும் என்று ரேடியோவில் சொன்னதாக மாப்பிள்ளை சொல்கிறார். காலையில் முதல் வேலையாகப் போய், கோகியையும் கூட வைத்துக்கொண்டு, முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு வர வேண்டும்.